நகரங்களில் வானிலை அளவு நிலையங்களும் நம் மக்களும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நமக்கு முன் உரையாற்றிய அறிஞர்கள் கல்வி உதவித்தொகை பற்றியும், இடஒதுக்கீடு பற்றியும், விடுதிகளின் நிலை பற்றியும் எடுத்துரைத்தனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ மழைமானியும் வெப்பமானியும் ஆகும். "ஒரு கல்விச் சங்கத்தின் விழாவில் இதற்கு என்ன வேலை?" என்று செயலாளர் அவர்களே சென்ற வாரம் நம்மைக் கேட்டார்கள். வேலை இருக்கிறது என்பதை முதலில் ஒரு நிகழ்ச்சியால் கூற விரும்புகிறோம்.

நாம் ஆறாம் வகுப்புப் பயின்ற ஆண்டின் ஐப்பசியில், எங்கள் ஏரி நிறைந்து கலங்கல் வழியே நீர் பாய்ந்தது. கலங்கலுக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது எங்கள் சேரி. ஊர் மேட்டில் இருந்தது. இரவோடு இரவாகப் பதினாறு குடிசைகள் சரிந்தன. நெல் நனைந்தது, ஆடுகள் சென்றன. எங்கள் தந்தையாரும் வேறு நால்வரும் நிவாரணம் வேண்டி மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்திற்குச் சென்றனர். அங்கிருந்த எழுத்தர் ஒரு பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, "அன்று பெய்தது சாதாரண மழைதானே, இதில் எப்படி வெள்ளம் வரும்?" என்றாராம். அந்தப் பேரேட்டிலிருந்த அளவு பதினான்கு கல் தொலைவிலிருந்த மழைமானியின் அளவு. எழுத்தர் பொய் சொல்லவில்லை. அவரிடமிருந்த எண் மெய்யான எண்தான். ஆனால் அது எங்கள் சேரியின் எண் அன்று. எங்கள் தந்தையாரிடம் மறுத்துரைக்க வேறோர் எண் இல்லை. மனு அங்கேயே முடிந்தது.

அளந்து எழுதப்பட்டது உரிமையாகும். எழுதப்படாதது புலம்பலாகவே நின்றுவிடும். இதற்கு நம் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே பெரியதொரு சான்று உண்டு. 1891ஆம் ஆண்டில் ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரெமென்கீர் என்னும் ஆங்கிலேயர், நம் முன்னோர் குடியிருந்த மனை எவருடையது, உழுத நிலம் எவருடையது, பெற்ற கூலி எவ்வளவு என்று ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1892ஆம் ஆண்டின் பஞ்சமி நில ஆணைக்கு அவ்வறிக்கையே வித்திட்டது. நம் துன்பம் 1891க்கு முன்பும் இருந்ததுதான். ஆனால் அது பேரேட்டில் ஏறியிருக்கவில்லை.

இனி நகரத்திற்கு வருவோம். நம் சங்கத்தின் பழைய மாணவர்களில் பெரும்பாலோர் இன்று சென்னையிலும் அதன் புறநகர்களிலும் வாழ்கின்றனர். ஆகவே சென்னையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இந்தியாவில் வானிலை அளவீட்டின் தாயகம் என்று சென்னையைக் கூறினால் அது மிகையாகாது. கிழக்கிந்தியக் கம்பெனியார் நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டு வானாய்வுக்கூடம் எழுப்பினர். அங்கே நிறுத்தப்பட்ட கருங்கல் தூணில் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்துப் பொறித்துள்ளனர். கோல்டிங்காம் என்பார் 1796ஆம் ஆண்டு முதல் வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் நாள்தோறும் குறித்துவரலானார். 1813ஆம் ஆண்டு முதல் மழைக்கணக்கு உள்ளது. இந்திய வானிலைத் துறை தோன்றியதோ 1875ஆம் ஆண்டில்தான். வானாய்வுப் பணி 1899ஆம் ஆண்டில் கோடைக்கானலுக்கு மாறிய பின்னரும் நுங்கம்பாக்கத்தில் வானிலை அளவீடு நின்றபாடில்லை. இருநூறு ஆண்டுகளைக் கடந்த மழைக்கணக்கு உலகிலேயே மிகச் சில நகரங்களுக்கே வாய்த்துள்ளது. அரசுகள் மாறின; கொடிகள் மாறின; ஒருவர் காலையில் எழுந்து சென்று அளவுக் கண்ணாடியைப் பார்த்து எழுதிவைத்தது மட்டும் மாறவில்லை. இதனை நினைக்குந்தோறும் நாம் வியப்படைகிறோம்.

ஆயினும் ஒரு நிலையம் ஒரு நகரத்தைச் சொல்லிவிடாது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையை மறந்தவர் இவ்வரங்கில் இலர். மறுநாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ.; மீனம்பாக்கத்தில் 35 செ.மீ.; செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ.; தாம்பரத்தில் 49 செ.மீ. மாணவர்களே, கணக்கிட்டுப் பாருங்கள்: நுங்கம்பாக்கத்திலிருந்து தாம்பரம் மின்சார இரயிலில் ஒரு மணி நேரப் பயணம்கூட ஆகாது. அதற்குள் 20 செ.மீ. வேறுபாடு. ஓர் ஏக்கர் நிலத்தில் 49 செ.மீ. மழை என்பது ஏறத்தாழ 20 இலட்சம் லிட்டர் நீர். நுங்கம்பாக்கத்து எண்ணை மட்டும் நம்பி அடையாற்றங்கரைக் குடிசைகளின் இடரை மதிப்பிட முடியுமா? முடியாது.

நம் இளமையில் வானொலியில் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்னும் இரண்டே பெயர்கள் ஒலித்தன. 2002ஆம் ஆண்டில் டாப்ளர் ராடார் வந்தது. தானியங்கி மழைமானிகளும் பின்னர்ப் பல இடங்களில் வந்துவிட்டன. மகிழ்ச்சியே. ஆனால் கருவிகள் பெருகுவது வேறு, திட்டமிட்ட வலையமைப்பு உருவாவது வேறு. வலையமைப்பு என்றால் எதற்காக அளக்கிறோம், எங்கே அளக்கிறோம், எத்துணைக் காலம் அளப்போம், அளந்ததை யாரிடம் தருவோம் என்னும் வினாக்களுக்குக் கருவி வாங்குவதற்கு முன்பே விடை எழுதியிருக்க வேண்டும்.

அளக்கும் பொருளுக்கேற்ப இடைவெளி மாறும். காற்றழுத்தத்திற்கு நகரம் முழுமைக்கும் ஓரிரு நிலையங்கள் போதும்; அது தெருவுக்குத் தெரு மாறுவதன்று. மழையோ தெருவின் இப்புறம் பெய்து அப்புறம் பெய்யாது விடும். இடிமழைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மானி இருந்தாலும் மிகையன்று. ஜப்பான் நாட்டில் 1974ஆம் ஆண்டு தொடங்கிய தானியங்கி வலையமைப்பு, நாடு முழுவதும் ஏறத்தாழ 17 கிலோமீட்டருக்கு ஒரு மழைமானி என்னும் கணக்கில் அமைந்தது. ஒரு நாட்டுக்கு அந்த அளவு. நெருங்கிய நகரத்துக்கு அது போதாது.

வெப்பத்தின் கதை வேறு. இலண்டன் நகரில் லூக் ஹோவர்டு என்னும் மருந்து வேதியியலார் ஒருவர் இருந்தார். முகில்களுக்கு இன்று வழங்கும் இலத்தீன் பெயர்களுக்கு அடியிட்டவரும் இவரே. நகரின் உள்ளும் புறமும் அளந்த வெப்ப அளவுகளை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டு, இரவில் நகரம் நாட்டுப்புறத்தைவிட 3.7 பாரன்ஹீட் பாகை மிகுந்திருப்பதைக் கண்டு எழுதினார். அவர்தம் நூல் 1818ஆம் ஆண்டு முதல் வெளிவந்தது. கல்லும் காரையும் பகலில் வெயிலை உண்டு இரவில் கக்குகின்றன. மரமும் ஈரமும் இல்லாத இடத்தில் ஆவியாதலால் வரும் குளிர்ச்சியும் இல்லை. இக்காலத்தில் தார்ச்சாலைகளும் குளிரூட்டிகளின் வெங்காற்றும் சேர்ந்துகொண்டன. தகரக் கூரையின்கீழ் உறங்க முயன்றவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஸ்டூவர்ட், ஓக் என்னும் இரு அறிஞர்கள் 2012ஆம் ஆண்டில் நிலப்பரப்பைப் பதினேழு வகைகளாகப் பகுத்தனர். அவற்றுள் பத்து கட்டடம் நிறைந்தவை. அப்பத்தனுள் ஏழாவது வகை என்ன தெரியுமா? தகரம், ஓலை போன்ற மெல்லிய பொருள்களால் நெருங்கக் கட்டிய தாழ்ந்த வீடுகள். அதாவது நம் குடிசைப் பகுதி. அறிவியல் அதற்கு ஓர் எண்ணே தந்திருக்கிறது. ஆனால் வெப்பமானிகள் எங்கே இருக்கின்றன? வானூர்தி நிலையத்தில், கல்லூரி வளாகத்தில், அரசு அலுவலகத் தோட்டத்தில். அவை தவறான இடங்கள் அல்ல. புல்தரையும் திறந்த வெளியும் வேண்டும் என்பது வானிலைத் துறையின் பழைய, முறையான விதி. நாடு தழுவிய வானிலையை அறிய அவ்விதியே சரி. மக்கள் எந்த வெப்பத்தில் வாழ்கிறார்கள் என்பதை அறிய வேண்டுமானால் ஏழாம் எண் பகுதியிலும் ஒரு பெட்டி நிற்க வேண்டும்.

இப்படிச் சொன்னால் சாதியை வானிலையிலும் புகுத்துகிறார் என்று சிலர் முகம் சுளிப்பர். புகுத்தியவர் நாம் அல்லர். அமெரிக்காவில் 1930களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் செந்நிறம் தீட்டி, அங்கே வீட்டுக்கடன் தருவது இடர் என்று குறித்தனர். அக்கோடு போட்ட 108 நகரங்களின் தரை வெப்பத்தைச் செயற்கைக்கோள் அளவுகளால் ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நூற்றுக்கு 94 நகரங்களில் செந்நிறப் பகுதிகளே மிகுந்த வெப்பமுடையன. சராசரி வேறுபாடு ஏறத்தாழ 2.6 செல்சியசு பாகை. எண்பது ஆண்டுகளுக்கு முன் எழுதுகோலால் இழுத்த கோடு இன்றும் தரையில் சுடுகின்றது. நம் நாட்டில் சேரிக்கும் ஊருக்கும் நடுவே இழுத்த கோட்டிற்கு இவ்வாறு ஓர் அளவு எடுத்தவர் எத்தனை பேர்? மாணவர்களில் யாரேனும் புவியியல் பயில்வீர்களாயின் இது உங்களுக்குரிய ஆய்வுப் பொருள்.

வெப்பம் உயிரையும் கொள்ளும். அகமதாபாதில் 2010ஆம் ஆண்டு மே மாதத்தில், வழக்கமாக நிகழும் இறப்புகளைவிட 1,344 இறப்புகள் மிகுதியாக நிகழ்ந்தன என்று பின்னர்க் கணக்கிட்டனர். அதன் பின்னரே, 2013ஆம் ஆண்டில், அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. இறப்புக் கணக்கும் வெப்பக் கணக்கும் நாள்வாரியாக இருந்தமையால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

இடத்தேர்வு பற்றி ஆசிரியர் முறையில் சில சொல்வோம். மழைமானியை மதிலோரம் வைத்தால் மதில் மழையைத் தின்னும். தடை எவ்வளவு உயரமோ அதைப்போல் இரு மடங்கு தொலைவேனும் தள்ளி வைக்க வேண்டும். வெப்பமானியைச் சாளரப் பலகை வைத்த வெள்ளைப் பெட்டிக்குள், நிலத்திலிருந்து ஒன்றேகால் மீட்டர் முதல் இரண்டு மீட்டர் உயரத்துக்குள் வைக்க வேண்டும். மொட்டைமாடி வசதியான இடம், திருடர் பயமும் இல்லை. ஆனால் மாடியின் வெப்பம் தெருவில் நடப்பவரின் வெப்பம் அன்று. இவற்றையெல்லாம்விடப் பெரிது, நிலையத்தின் வரலாற்றையும் எழுதிவைப்பது. இவ்வாண்டு அருகில் வேப்பமரம் வெட்டப்பட்டது, அடுத்த ஆண்டு மூன்று மாடிக் கட்டடம் எழுந்தது, கருவி மாற்றப்பட்டது என்று குறிக்காவிட்டால், பிற்காலத்தார் வெப்பம் உயர்ந்ததா, மரம் போனதா என்று அறியாது மயங்குவர். புதுக்கருவி வந்தால் பழையதை உடனே எறியலாகாது. ஓராண்டேனும் இரண்டையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் எழுத வேண்டும். புதுமருமகள் வந்த அன்றே மாமியார் சாவிக்கொத்தை விடுவதில்லை அல்லவா!

இனி, காலம். ஓரிடத்தின் இயல்பு நிலை என்று சொல்ல வானிலையார் முப்பது ஆண்டுக் கணக்கைக் கேட்பர். முப்பது ஆண்டு என்பது ஓர் ஆசிரியரின் முழுப் பணிக்காலம். அமைச்சர்களுக்கோ ஆறு தேர்தல். இங்கேதான் வலையமைப்புகள் மடிகின்றன. அமெரிக்காவில் ஓக்லகோமா மாநிலம் முழுமைக்கும் 1994ஆம் ஆண்டு தொடங்கிய வலையமைப்பு இன்றும் இயங்குகிறது. அதே மாநிலத்தின் தலைநகரில் 2008ஆம் ஆண்டு போக்குவரத்து விளக்குக் கம்பங்களில் 36 கருவிகளைப் பொருத்தி அருமையானதொரு நகர வலையமைப்பை அமைத்தார்கள். அது சில ஆண்டுகளில் முடிந்தது. முன்னது நிலையான பணி. பின்னது ஆராய்ச்சித் திட்டம். அவாய்த் தீவின் மலைமீது கரியமிலவாயுவை 1958ஆம் ஆண்டு முதல் அளந்துவந்த கீலிங் அவர்களுக்கே 1964ஆம் ஆண்டில் பணம் வெட்டப்பட்டுச் சில மாதங்கள் அளவு நின்றது. அந்த இடைவெளி அவர் வரைந்த கோட்டில் இன்றும் தெரிகிறது.

நம் கதையும் அதுவே. நாம் முதன்முதல் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற பள்ளி நகரின் ஓரத்தில், மறுகுடியமர்த்தப்பட்ட மக்களிடையே இருந்தது. நம் கைப்பணத்தில் ஒரு மழைமானி வாங்கினோம். 200 சதுர செ.மீ. வாயுடையது, ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 20 கன செ.மீ. நீர் சேரும். கணக்குப் பாடத்திற்கு அதைவிட நல்ல கருவி இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முறைவைத்து எழுதினர். முதலாண்டு முடிவில் நாம் குறிப்பேட்டைச் சரிபார்த்தபோது, திங்கட்கிழமைகளில் மட்டும் மழை மிகுந்திருந்தது! வானம் பள்ளி விடுமுறையை அறியுமோ என்று சிரித்தோம். காரணம் எளிது. சனி, ஞாயிறுகளில் எவரும் வாராமையால் மூன்று நாள் மழையும் திங்கள் கணக்கில் ஏறியது. அவ்விரு நாள்களுக்கும் பிள்ளைகள் சுழியம் இட்டிருந்தனர். "மழை இல்லை" என்பது வேறு, "அளக்கவில்லை" என்பது வேறு. முன்னதற்குச் சுழியம், பின்னதற்குக் கோடு என்று கற்பித்தோம். பள்ளிக்கு எதிர்வீட்டுச் சிறுமி ஒருத்தி விடுமுறை நாள்களில் வந்து எழுத இசைந்தாள். ஒன்பதாண்டுக் கணக்கு சேர்ந்தது. பின்னர் நமக்கு மாறுதல் வந்தது. சில ஆண்டுகள் கழித்து அவ்வழியே சென்றபோது கேட்டோம். மானி இருந்த இடத்தில் மிதிவண்டிக் கொட்டகை இருந்தது. குறிப்பேடுகள் பழைய தாள்களோடு எடைக்குப் போய்விட்டனவாம். நாம் எவரையும் நோகவில்லை. ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்காதது நம் குற்றம். ஒரு மனிதரின் ஆர்வத்தின்மேல் கட்டிய நிலையம் அம்மனிதரோடு போய்விடும் என்பதை விலை கொடுத்துக் கற்றோம்.

காற்றைப் பற்றியும் ஒரு சொல். இலண்டனில் 1952ஆம் ஆண்டு டிசம்பரில் ஐந்து நாள் நின்ற புகைப்பனியில் நாலாயிரம் பேர் மாண்டனர் என்று முதலில் கணக்கிட்டனர். பிந்திய ஆய்வுகள் அத்தொகையை இன்னும் உயர்த்தின. 1956ஆம் ஆண்டில் தூய காற்றுச் சட்டமும், 1961ஆம் ஆண்டில் நாடு தழுவிய காற்று அளவு வலையமைப்பும் வந்தன. நம் நாட்டில் தேசியக் காற்று அளவீட்டுத் திட்டம் தொடங்கியது 1984ஆம் ஆண்டில். அதன்படி மனிதர் இயக்கும் நிலையங்களில் வாரத்திற்கு இருமுறை, ஆண்டுக்கு 104 நாள் அளப்பர். எஞ்சிய நாள்களில் ஆலைப்புகை வந்தால் கேட்பார் யார்? எண்ணூரில் 2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்களைத் தட்டி எழுப்பியது அவர்தம் மூக்கும் எரிந்த கண்ணுமே. மணலி, கொடுங்கையூர், பெருங்குடி போன்ற இடங்களில் தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் வந்துள்ளன என்பதையும் சொல்ல வேண்டும். வடசென்னை மக்கள் பல்லாண்டுகள் கேட்டுப் பெற்றதில் இதுவும் ஒன்று. ஆனால் அளவு கணிப்பொறியில் ஏறினால் மட்டும் போதாது. அப்பகுதிப் பள்ளி வாயிலில் தமிழில் எழுதிவைக்கப்பட வேண்டும்.

இப்போது சில ஆயிரம் ரூபாய்க்கே தூசு அளக்கும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. இளைஞர்கள் ஆர்வத்தோடு வாங்குகின்றனர். வாங்கட்டும், ஆயினும் எச்சரிக்கை வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி. தூசு ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும்போது அக்கருவி மிகுத்துக் காட்டும். ஆதலின் தரமான நிலையமொன்றின் அருகில் சில வாரங்கள் வைத்து ஒப்பிட்ட பின்னரே அதன் சொல்லை ஏற்க வேண்டும். தானியங்கி மழைமானிக்கும் குறை உண்டு. அதனுள் இருக்கும் சாய்கிண்ணம் பெருமழையில் குறைத்துக் காட்டும். சருகும் சிலந்தியும் அதன் வாயை அடைக்கும். கருவி வாங்கும் பணத்தைக் காட்டிலும் அதைத் துடைத்து, திருத்தி, காக்கும் ஆளுக்கான ஊதியமே முக்கியம். திட்டத்தில் அச்செலவு எழுதப்படவில்லையெனில் அத்திட்டம் திறப்பு விழாவுக்கானது என்று கொள்க.

இனி நம் வேண்டுகோள். பெரிய சென்னை மாநகராட்சியில் 200 வட்டங்கள் உள்ளன. நிலையங்கள் அமைக்கும்போது கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கும் ஆற்றங்கரைப் பகுதிகளுக்கும் முதலிடம் தர வேண்டும். ஆற்றங்கரையில் வெள்ள அபாயம் என்று சொல்லித்தான் நம் மக்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினர். அது பள்ளிக்கரணைச் சதுப்பை அடுத்த தாழ்நிலம். அங்கே மழை எவ்வளவு, தெருவில் நீர் நின்றது எத்தனை மணி நேரம், நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் என்று முப்பது ஆண்டுக்கு எழுதப்படும் ஒரு பேரேடு வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் நகர வெப்பத்தை அளக்கப் பள்ளிக்கூடங்களிலேயே சிறு வெப்பமானிகளைப் பொருத்தினர். பள்ளி எங்கும் உள்ளது, மதில் உள்ளது, பார்த்துக்கொள்ள ஆள் உள்ளது. நம் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் விடுதிகளும் இதற்கு ஏற்ற இடங்களே.

ஆனால் ஒன்று சொல்லிவைக்கிறோம். பிள்ளைகளின் மழைமானி அரசின் நிலையத்திற்கு மாற்று அன்று. "உங்கள் பள்ளியே அளக்கிறதே, பின் நிலையம் எதற்கு?" என்று எவரேனும் கேட்டால் ஏற்க வேண்டாம். சம்பளமில்லா வேலையை நம் பிள்ளைகள் தலையில் சுமத்தும் வழக்கம் இந்நாட்டில் பழையது. பிள்ளைகள் கற்பதற்காக அளக்கட்டும். அரசு பொறுப்புக்காக அளக்கட்டும். இந்நிலையங்களைக் காக்கும் பணிகளில், கருவி திருத்துவோராகவும் கணக்கு ஆராய்வோராகவும், நம் மாணவர் அமர வேண்டும் என்பதும் நம் ஆசை. பௌதிகமும் கணிதமும் நமக்கு வாராது என்று எண்ணி ஒதுங்க வேண்டா.

சங்கத்தாரிடம் முன்பே கேட்டு, விடுதியின் பின்புறத் திறந்த வெளியில் சென்ற ஆடியில் ஒரு மழைமானி நட்டோம். இம்முறை குறிப்பேடு இரண்டு: ஒன்று விடுதியில், மற்றது மாதந்தோறும் படியெடுத்துச் சங்க அலுவலகத்தில். பொறுப்பு தலைமையாசிரியரிடம் இல்லை. சங்கத் தீர்மானத்தின் வழியாக ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் இரு மாணவரிடமும் செயலாளரிடமும் உள்ளது. இன்று காலை எட்டரை மணிக்கு, பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தபோதும், ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருவர் சென்று அளந்தனர். நான்கு மில்லிமீட்டர். குறிப்பேடு வாயில் மேசையின்மேல் உள்ளது, செல்லும்போது பாருங்கள். அதில் ஐந்து இடத்தில் கோடு இருக்கிறது. அந்த ஐந்து நாளும் ஏன் அளக்கவில்லை என்பதையும் பிள்ளைகள் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள்.